மருந்தும் விழிப்பும்



வரலாறு என்றவுடன் மன்னர்களும் போர்களும் உடன்படிக்கைகளும் உங்கள் நினைவுக்கு வருதல் இயல்பு. முப்பத்தைந்து ஆண்டுகள் அவற்றையே கரும்பலகையில் எழுதிக் கற்பித்தவன் நான். இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பதோ உங்கள் வீட்டு அலமாரியின் ஒரு மூலையில் கிடக்கும் சிறு மாத்திரையின் வரலாறு. வலியையும் வீக்கத்தையும் தணிக்கும் மருந்துகள் எவ்வாறு தோன்றின, அவற்றை உண்ணும் நோயாளியின் அருகே செவிலியர் எவற்றைக் கூர்ந்து நோக்குகின்றனர், அந்நோக்கு எவ்வாறு பிறந்தது என்பவையே இவ்வுரையின் பொருள்.

இப்பொருளை நான் நூல்களிலிருந்து முதலில் கற்கவில்லை. என் பிழையிலிருந்து கற்றேன். ஆகவே அப்பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2002-ஆம் ஆண்டு, ஆனி மாதம். என் தாயாருக்கு அப்போது அறுபத்தாறு வயது. முழங்கால் வலியால் மிகவும் வருந்தினார். கோயில் படியேறவும் இயலாத நிலை. தெருமுனை மருந்துக்கடையில் ‘டைக்ளோஃபெனாக்’ என்னும் மாத்திரையை நானே கேட்டு வாங்கிக் கொடுத்தேன். மூன்றே நாளில் அம்மா எழுந்து நடமாடினார். எனக்குப் பெருமகிழ்ச்சி. தீர்ந்தால் மீண்டும் வாங்கினேன். அவருக்கு இதயத்தின் பொருட்டு மருத்துவர் ஏற்கெனவே சிறிய அளவில் ஆஸ்பிரின் கொடுத்திருந்ததை நான் எண்ணிப் பார்க்கவில்லை. ஆறு வாரங்கள் சென்றன. “இரண்டு நாளாகத் தலை சுற்றுகிறது, ஐயா” என்றார். வெயிலின் கொடுமை என்று எண்ணி மோர் கொடுத்தோம். மறுநாள் விடியற்காலை கொல்லைப்புறத்தில் மயங்கி விழுந்தார்.

அரசு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். அங்கே பணியில் இருந்த செவிலியர், அம்மாவின் கையைப் பிடித்து நாடி பார்த்தவாறே, கண்ணின் கீழ் இமையை விலக்கி நோக்கினார். பிறகு என்னைப் பார்த்து, “சார், பாட்டிக்கு மலம் என்ன நிறத்தில் போகிறது?” என்று கேட்டார்.

நான் விழித்தேன். அதற்கு விடை எனக்குத் தெரியாது. அவர் விடவில்லை. “வலிக்கு ஏதாவது மாத்திரை கொடுக்கிறீர்களா? எத்தனை நாளாக? அதோடு வேறு என்னென்ன மாத்திரை? இரும்புச் சத்து மாத்திரை உண்டா?” என்று அடுக்கினார். அரை மயக்கத்தில் இருந்த அம்மா மெல்லிய குரலில் சொன்னார்: “நாலு நாளாகக் கறுப்பாகத்தான் போகிறது, சிஸ்டர். பெற்ற பிள்ளையிடம் இதைப் போய் எப்படிச் சொல்வது?”

இரைப்பையில் புண் ஏற்பட்டு, அதிலிருந்து இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. இரைப்பையின் அமிலம் பட்ட இரத்தம் கறுத்துத் தார்போல மலத்துடன் வெளிப்படும். இரும்புச் சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும் ஆதலால்தான் அவர் அதையும் கேட்டார். வயிற்றில் புண் இருந்தும் அம்மாவுக்கு வயிற்றுவலி தோன்றாததற்குக் காரணம் உண்டு. எந்த மாத்திரை புண்ணை உண்டாக்கியதோ அதே மாத்திரை புண்ணின் வலியையும் மறைத்துவிட்டது. காவற்காரனே கள்வனுக்குத் திரை பிடித்த கதை இது.

அம்மாவுக்கு இரத்தம் செலுத்தினார்கள், பிழைத்தார். ஆனால் அந்த முதற்கேள்வி என் நெஞ்சில் தைத்தது. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில், நல்லாசிரியன் நல்ல வினாக்களால் அறியப்படுவான் என்று எனக்குக் கற்பித்திருந்தார்கள். வகுப்பில் ஆயிரம் வினாக்கள் தொடுத்தவன், வீட்டில் என் தாயிடம் ஒரு வினாவும் கேட்டேனில்லை. “வலி குறைந்ததா, அம்மா?” என்று கேட்டதோடு சரி. அந்தச் செவிலியர் எங்கிருந்து அந்த வினாக்களைக் கற்றார்? அதைத் தேடிப் புறப்பட்டபோதுதான் இவ்வரலாறு எனக்குக் கிடைத்தது.

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு மாவட்டத்தில் சிப்பிங் நார்ட்டன் என்றோர் ஊர். அங்கு வாழ்ந்த எட்வர்டு ஸ்டோன் என்னும் பாதிரியார் ஒருநாள் தற்செயலாக வில்லோ மரத்தின் பட்டையைச் சுவைத்துப் பார்த்தார். அதன் கடுங்கசப்பு, முறைக்காய்ச்சலுக்கு அந்நாளில் பயன்பட்ட சின்கோனாப் பட்டையின் கசப்பை அவருக்கு நினைவூட்டியது. வில்லோ ஈரநிலத்தில் வளர்வது. காய்ச்சலும் ஈரநிலத்தில் மிகுவது. நோய் பிறக்கும் இடத்திலேயே அதன் மருந்தும் பிறக்கும் என்ற பழங்கருத்து அவருக்குத் துணிவு தந்தது. இக்கருத்து பிழையானது; ஆனால் பிழையான வழியிலும் சில நேரங்களில் உண்மை எதிர்ப்படுவதுண்டு. பட்டையை ரொட்டி சுடுபவரின் அடுப்பின்மேல் மூன்று மாதங்களுக்கு மேல் உலர்த்திப் பொடியாக்கினார். ஏறத்தாழ ஐம்பது பேருக்குக் கொடுத்தார். அதன் பயனை 1763-இல் இலண்டன் ராயல் கழகத்துக்குக் கடிதமாக எழுதினார். அக்கடிதத்தை அச்சிட்டபோது அவர் பெயரை எட்மண்டு என்று தவறாக அச்சிட்டுவிட்டனர் என்பது ஒரு சிறு வேடிக்கை.

மாணவர்களே, ஸ்டோன் பட்டையைக் கொடுத்த முறையை நீங்கள் கவனிக்க வேண்டும். முதலில் மிகச் சிறிய அளவே கொடுத்தார். நான்கு மணிக்கு ஒருமுறை கொடுத்து, கேடு ஏதேனும் தோன்றுகிறதா என்று உற்று நோக்கினார். கேடு இல்லையெனக் கண்ட பின்னரே அளவைக் கூட்டினார். மருந்தைக் கொடுத்தல், நோக்குதல், பின்னர் முடிவு செய்தல் என்னும் மூன்று படிகளும் அவருடைய கடிதத்திலேயே இருக்கின்றன. பிற்காலத்தார் முதற்படியைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் படியை மறந்தபோதெல்லாம் துன்பம் நேர்ந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேதியியலார் இப்பட்டையை ஆராயத் தொடங்கினர். 1828-இல் மியூனிக் நகரில் யோஹான் புக்னர் அதிலிருந்து சாலிசின் என்னும் கசப்புப் பொருளைப் பிரித்தார். 1838-இல் இத்தாலியரான ரஃபேலே பிரியா அதிலிருந்து சாலிசிலிக் அமிலத்தைப் பெற்றார். ஸ்காட்லாந்தில் டண்டீ நகரில் தாமஸ் மக்லகன் என்னும் மருத்துவர் மூட்டுவாதக் காய்ச்சலுக்குச் சாலிசினைக் கொடுக்க எண்ணினார். நோயாளிக்குக் கொடுக்குமுன் அதைத் தாமே சிறுகச் சிறுக உண்டு பார்த்தார். கேடில்லை என்று தெளிந்த பின்னரே நோயாளிக்குக் கொடுத்து, 1876-இல் தம் பட்டறிவை வெளியிட்டார்.

சாலிசிலிக் அமிலம் தொழிற்சாலைகளில் மலிவாக உருவாகத் தொடங்கியதும் அதன் பயன் பெருகியது. பயனோடு தொல்லையும் பெருகியது. வயிறு எரிந்தது, குமட்டியது, காதில் இடைவிடாது இரைச்சல் கேட்டது. வயிற்றுக்கு இதமான வடிவம் ஒன்றைத் தேடியபோது, 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், ஜெர்மனியில் பேயர் நிறுவனத்தின் வேதியியலாரான ஃபெலிக்ஸ் ஹாஃப்மன் அசெட்டைல் சாலிசிலிக் அமிலத்தைத் தூய வடிவில் உருவாக்கினார். அப்பொருளைப் பிரெஞ்சு நாட்டுச் சார்லஸ் ஜெரார் 1853-இலேயே தூய்மையற்ற வடிவில் ஆக்கியிருந்தார். 1899-இல் ‘ஆஸ்பிரின்’ என்னும் பெயருடன் அது விற்பனைக்கு வந்தது. ஹாஃப்மன் தம் தந்தையாரின் மூட்டுவலியைப் போக்கவே இதைத் தேடினார் என்ற கதை பின்னாளில் பரவியது. ஆனால் அவருடன் பணியாற்றிய ஆர்த்தர் ஐகன்குருன், வழிகாட்டியவன் நானே என்று 1949-இல் எழுதினார். அவர் யூதர், நாஜிகளின் முகாமில் அடைபட்டு மீண்டவர். அவர் பெயர் ஏன் பழைய கதையில் இல்லை என்று வினவுவது வரலாற்று மாணவனின் கடமையாகும்.

மருந்து இவ்வாறு வளர்ந்துகொண்டிருந்த அதே நூற்றாண்டில், நோயாளியை நோக்கும் கலையும் தனியே வளர்ந்தது. 1854-ஆம் ஆண்டு நவம்பரில் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல், 38 பெண்களுடன் துருக்கியில் ஸ்குட்டாரி என்னும் இடத்திலிருந்த படை மருத்துவமனையை அடைந்தார். அவரைக் கைவிளக்கேந்திய அம்மையாராக நீங்கள் படத்தில் கண்டிருப்பீர்கள். அவ்விளக்கு எதற்காக? இருளில் நோயாளியின் முகத்தைப் பார்ப்பதற்காக. செவிலியர் பணியைக் குறித்து அவர் எழுதிய நூலில், நோயாளியை நோக்குதல் என்பதற்கே ஓர் இயல் ஒதுக்கினார். ‘நன்றாகத் தூங்கினாரா?’ என்று கேட்பது பயனற்றது என்பது அவர் கருத்து. எத்தனை மணி நேரம் தூங்கினார், இரவில் எந்த நேரத்தில் தூங்கினார் என்று கேட்க வேண்டும் என்றார். விடையை வினாவுக்குள்ளேயே வைத்துக் கேட்பவன் உண்மையை அறியமாட்டான் என்பதே அதன் பொருள். இதைப் படித்தபோது நான் வெட்கமுற்றேன். ‘வலி குறைந்ததா, அம்மா?’ என்ற என் வினா அந்த வகையைச் சேர்ந்ததன்றோ?

1860-இல் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் செவிலியர் பள்ளி தொடங்கியது. நம் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871-இல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. வேலூரில் 1909-இல் செவிலியர் பள்ளி தோன்றி, 1946-இல் பட்டப் படிப்புக் கல்லூரியாக உயர்ந்தது. என் தாயின் இமையை விலக்கிப் பார்த்த கை இந்த நெடிய மரபில் பழகிய கை.

மீண்டும் மருந்தின் கதைக்கு வருவோம். 1918-இல் உலகை வாட்டிய பெருங்காய்ச்சலின்போது ஆஸ்பிரினை மிகப் பெரிய அளவில் கொடுத்தனர். ஒரு நாளைக்கு 8 முதல் 31 கிராம் வரை அந்நாளில் பரிந்துரைத்தனர் என்று காரென் ஸ்டார்க்கோ என்னும் மருத்துவர் 2009-இல் எடுத்துக்காட்டினார். இன்று பெரியவர்களுக்கு 4 கிராமைத் தாண்டலாகாது என்பது பொது விதி. அளவு மிகுந்தால் மூச்சு விரைவாகும். நுரையீரலில் நீர் கோக்கும். இவை காய்ச்சலின் அறிகுறிகளையே ஒத்திருந்தமையால், அன்று இறந்தோருள் சிலரது முடிவுக்கு மருந்தும் துணை நின்றிருக்கலாம் என்பது அவருடைய கருத்து. இது முடிந்த முடிபன்று. எனினும் மருந்தின் கேடு நோயின் வேடத்தில் வரக்கூடும் என்னும் எச்சரிக்கை அதில் இருக்கிறது.

1938-இல் இலண்டன் கய்ஸ் மருத்துவமனையில் டௌத்வெய்ட், லின்டாட் என்னும் இரு மருத்துவர்கள் இரைப்பைக்குள் குழாய் செலுத்தி நேரிற் பார்த்தனர். ஆஸ்பிரின் பட்ட இடத்தில் இரைப்பையின் உட்படலம் சிவந்து புண்பட்டிருக்கக் கண்டனர். அமெரிக்காவில் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த லாரன்ஸ் கிரேவன் என்ற மருத்துவர், தொண்டைச் சதை அறுவைக்குப் பின் ஆஸ்பிரின் கலந்த மெல்லும் பசையை மிகுதியாக மென்றவர்களுக்கு இரத்தம் எளிதில் நிற்காததைக் கவனித்தார். இரத்தம் உறைவதை இது தடுக்குமானால், இதயத்தில் இரத்தம் உறைவதையும் தடுக்குமோ என்று எண்ணினார். 1950-இல் அதை எழுதினார். ஒருவருக்குக் கேடாகத் தோன்றியதே மற்றொருவருக்கு மருந்தாயிற்று. என் தாயார் உண்ட சிறிய ஆஸ்பிரின் அந்த எண்ணத்தின் வழிவந்ததே.

ஆயினும், ஒரே மருந்து வலியைத் தணிப்பதும், இரைப்பையைப் புண்ணாக்குவதும், இரத்தத்தை உறையவொட்டாமல் தடுப்பதும் எவ்வாறு? இப்புதிரை 1971-இல் ஆங்கில அறிஞர் ஜான் வேன் அவிழ்த்தார். நம் உடலில் புராஸ்டாகிளாண்டின் என்னும் பொருள்கள் தோன்றிக்கொண்டே இருக்கின்றன. அடிபட்ட இடத்தில் அவை வீக்கத்தையும் வலியையும் பெருக்குகின்றன. மூளையில் சுரத்தை எழுப்புகின்றன. அவற்றின் இனத்தைச் சேர்ந்தவையே இரைப்பையில் அமிலம் அரிக்காதபடி உட்படலத்தைக் காக்கின்றன. சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைப் பேணுகின்றன. இவற்றோடு உறவுடைய மற்றொரு பொருள் இரத்தத் தட்டணுக்கள் ஒன்றுகூட உதவுகிறது. இவை அனைத்தும் உருவாவதற்கு வேண்டிய நொதியையே ஆஸ்பிரினும் அதன் இனத்து மருந்துகளும் தடுக்கின்றன. ஒரு வயலில் வெள்ளம் பாய்கிறதென்று தலைமதகையே அடைத்துவிட்டால், கடைமடையில் பயிர் வாடும் அல்லவா? அதுதான் நிகழ்கிறது. இக்கண்டுபிடிப்புக்காக வேனுக்கு 1982-இல், பெரிஸ்ட்ரோம், சாமுவெல்சன் என்னும் இரு அறிஞர்களுடன் நோபெல் பரிசு கிடைத்தது.

இந்த ஓர் உண்மையை மனத்திற் கொண்டால், செவிலியர் கேட்கும் வினாக்கள் ஒவ்வொன்றும் விளங்கும். ‘முன்பு வயிற்றுப்புண் இருந்ததா? இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்டா?’ என்பது இரைப்பையைக் கருதிய வினா. மலத்தின் நிறமும், காப்பித்தூள் கலந்தாற்போன்ற வாந்தியும், தலைச்சுற்றலும், வெளிறிய இமையும் அதன் விடைகள். ‘சிறுநீர் எவ்வளவு போகிறது? கால் வீங்குகிறதா?’ என்பது சிறுநீரகத்தைக் கருதிய வினா. முதியோருக்கும், பேதியால் உடலில் நீர் வற்றியோருக்கும் இக்கேள்வி இன்றியமையாதது. ‘இழுப்பு நோய் உண்டா?’ என்றும் கேட்பர். இவ்வின மருந்துகள் ஆஸ்துமா உடையோர் சிலருக்குக் கடும் மூச்சுத்திணறலை எழுப்பும். ‘அறுவை நடக்கப்போகிறதா?’ என்பர், ஆஸ்பிரின் தொட்ட தட்டணு தன் வாழ்நாளாகிய ஏழு முதல் பத்து நாள் வரை மீண்டும் பழைய நிலையை அடையாது. சுரம் தணிந்துவிட்டது என்பதால் மட்டும் நோய் தணிந்துவிட்டதாக அவர்கள் கொள்வதில்லை. மருந்து சுரத்தை மறைத்து, உள்ளிருக்கும் தொற்றை விட்டுவைத்திருக்கலாம்.

‘உணவுக்குப் பின்தானே கொடுத்தேன்?’ என்று நான் அன்று அந்தச் செவிலியரிடம் வாதிட்டேன். உணவுக்குப் பின் ஒரு குவளை நீருடன் உண்பது வயிற்றெரிச்சலைக் குறைக்கும். அது நல்ல பழக்கமே. ஆனால் மருந்து இரத்தத்திற் கலந்தும் இரைப்பையின் காப்பைக் குறைப்பதால், அப்பழக்கம் முழுக்காப்பு ஆகாது. இதை வேனின் ஆய்வு எனக்குப் பின்னர் விளக்கியது.

சிறுவர்களைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. 1963-இல் ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரில் டக்ளஸ் ரே என்னும் மருத்துவர், வைரசுக் காய்ச்சலிலிருந்து தேறிவரும் குழந்தைகளின் மூளையையும் கல்லீரலையும் திடீரெனத் தாக்கும் கொடிய நோயொன்றை விவரித்தார். அந்நோய்க்கும் ஆஸ்பிரினுக்கும் தொடர்புண்டு என்பது 1980-களில் தெளிவாயிற்று. எச்சரிக்கைகள் வெளியாயின. அதன்பின் அந்நோய் வெகுவாகக் குறைந்தது. ஆதலால் காய்ச்சலுற்ற சிறுவருக்கு மருத்துவர் சொல்லாமல் ஆஸ்பிரின் கொடுத்தலாகாது.

இம்மருந்துகளின் கேடு மனிதரோடு நின்றதா? இல்லை. 1990-களில் இந்தியாவில் பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. காரணம் பல ஆண்டுகள் புலப்படவில்லை. நான் என் தாய்க்குக் கொடுத்த அதே டைக்ளோஃபெனாக்கை மாடுகளுக்கும் கொடுத்து வந்தனர். இறந்த மாட்டை உண்ட பாறுகளின் சிறுநீரகம் பழுதுற்றது என்று 2004-இல் கண்டறிந்தனர். 2006-இல் கால்நடைகளுக்கு அம்மருந்தைக் கொடுப்பதை இந்திய அரசு தடைசெய்தது. நீலகிரியின் அடிவாரத்தில் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியுள்ள பாறுகள் அக்கதையின் சாட்சிகளாக வானில் வட்டமிடுகின்றன.

மதகு ஒன்றல்ல, இரண்டு என்று 1990-களின் தொடக்கத்தில் அறிஞர் கண்டனர். வீக்கத்துக்குரிய நொதி வேறு, இரைப்பையைக் காக்கும் நொதி வேறு என்றால், முன்னதை மட்டும் அடைக்கலாமே என்று புது மருந்துகளை உருவாக்கினர். 1999-இல் வந்த ரோஃபெகாக்சிப் அவற்றுள் ஒன்று. வயிற்றுக்கு அது இதமாகவே இருந்தது. ஆனால் மாரடைப்பும் பக்கவாதமும் அதனை நெடுநாள் உண்டோரிடம் மிகுந்தன என்று ஓர் ஆய்வு காட்டவே, 2004-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் உலகெங்கும் விற்பனையிலிருந்து அதனை மீட்டுக்கொண்டனர். வயிற்றையே நோக்கியிருந்த கண்கள் இதயத்தையும் நோக்கக் கற்றன.

இனி, என் இரண்டாம் பிழையைச் சொல்கிறேன். அம்மா வீடு திரும்பியதும், வலி மாத்திரை என்ற பேச்சே வீட்டில் எழக்கூடாது என்று ஆணையிட்டுவிட்டேன். ஆங்கிலத்தில் சொன்னாலும் தமிழில் சொன்னாலும் மாத்திரை நஞ்சு என்பதே அப்போது என் கொள்கை. அம்மாவும் ஒன்றும் கேட்கவில்லை. இரவில் சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் நடப்பதை அறிந்தும், வலிக்கிறதா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் கொடுக்க வேண்டியிருக்குமே என்ற அச்சம்.

ஒரு மாதம் கழித்து மருத்துவமனைக்குச் சென்றபோது அதே செவிலியர் இருந்தார். அவர் என்னிடம் ஒன்றும் கேட்காமல் அம்மாவின் அருகே அமர்ந்தார். “பாட்டி, வலியே இல்லை என்றால் சுழி, தாங்க முடியாத வலி என்றால் பத்து. உங்கள் வலிக்கு எத்தனை போடலாம்?” என்றார்.

அம்மா சற்று எண்ணிவிட்டு, “ராத்திரியில் பன்னிரண்டணா வலி, தாயி. விடிந்து நாலு அடி நடந்துவிட்டால் ஆறணா” என்றார்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. “பதினாறணாவுக்குப் பன்னிரண்டணாவா? அப்படியானால் தூங்கியிருக்கவே மாட்டீர்களே” என்று சொல்லித் தம் ஏட்டில் அணாக் கணக்கிலேயே எழுதிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். “சார், மாத்திரையைக் கேட்காமல் கொடுத்தது ஒரு தப்பு. வலியைக் கேட்காமல் விட்டது இன்னொரு தப்பு” என்றார். என்னிலும் இருபது வயது இளையவர். நான் தலைகுனிந்து நின்றேன்.

அவர் சொன்ன சொல்லுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. சிசிலி சாண்டர்ஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணி இரண்டாம் உலகப்போரின்போது நைட்டிங்கேலின் பள்ளியில் செவிலியராகப் பயின்றார். பின்னர் 1957-இல் மருத்துவரானார். தீராத நோயுற்றோர் வலியால் துடித்துக் கெஞ்சிய பின்னரே மருந்து கொடுக்கும் வழக்கத்தை அவர் எதிர்த்தார். வலி திரும்பும் முன்பே காலந்தவறாது மருந்து கொடுக்க வேண்டும் என்றார். அவர் 1967-இல் இலண்டனில் நிறுவிய செயின்ட் கிறிஸ்டஃபர் இல்லம் உலகிற்கு வழிகாட்டியது. மறு ஆண்டில், அமெரிக்கச் செவிலியர் மார்கோ மக்காஃபரி, வலி யாதென்பதை நோயாளியின் சொல்லே தீர்மானிக்கும் என்ற கருத்தை வகுத்தார். வலியை அளக்கும் கருவி எதுவும் மருத்துவமனையில் இல்லை. நாடியை எண்ணலாம், சுரத்தை அளக்கலாம்; வலியைக் கேட்டுத்தான் அறிய வேண்டும். மருந்து கொடுக்குமுன் ஒருமுறையும், கொடுத்து ஒரு மணி நேரத்துக்குள் மற்றொரு முறையும் கேட்பது இன்று செவிலியர் பயிற்சியின் ஒரு பகுதியாகும்.

என் தாயாருக்கு மருத்துவர் பாராசிட்டமால் எழுதிக் கொடுத்தார். அது இரைப்பைக்கு இதமானது. எனினும் அளவு மிகுந்தால் கல்லீரலைக் கெடுப்பது. ஆகவே அதற்கும் கணக்கு வைக்கச் சொன்னார் செவிலியர். சளிக்கும் காய்ச்சலுக்கும் கடையில் வாங்கும் மாத்திரைகள் பலவற்றிலும் அது கலந்திருப்பதை எடுத்துக்காட்டினார். வெந்நீர் ஒற்றடமும், நாற்காலியில் அமர்ந்து காலை நீட்டி மடக்கும் பயிற்சியும் கற்றுக் கொடுத்தார். நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். என்ன மாத்திரை, எந்த நேரம், முன்பு எத்தனை அணா, பின்பு எத்தனை அணா, மலம், சிறுநீர், கால்வீக்கம் என்று கட்டங்கள் வரைந்தேன். முதல் வாரம் அம்மாவுக்கு நாணமாக இருந்தது, எனக்கும் அப்படியே. இரண்டாம் வாரம் முதல், நான் பள்ளியிலிருந்து திரும்பியதும் அவரே, “இன்றைக்கு நாலணா, எழுதிக்கொள்” என்பார். அதன்பின் அவர் பதினோராண்டுகள் வாழ்ந்தார். அந்த வகையில் ஐந்து நோட்டுகள் நிறைந்தன. அவை என்னிடம் இருக்கின்றன.

மாணவ மாணவியரே, நீங்கள் எல்லாரும் மருத்துவராகவோ செவிலியராகவோ ஆகப் போவதில்லை. ஆனால் உங்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் முழங்கால் வலியுள்ள ஒரு பாட்டியோ முதுகுவலியுள்ள ஒரு தந்தையோ இருக்கக்கூடும். இன்று மாலை வீட்டுக்குச் சென்றதும் அவர்கள் உண்ணும் மாத்திரைகளை ஒரு தாளில் எழுதுங்கள். கடையில் தாமாக வாங்கியவற்றையும் விடாது எழுதுங்கள். எத்தனை நாளாக என்று கேளுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது அத்தாளை அவர்கள் கையிற் கொடுத்தனுப்புங்கள். நீங்களாக எந்த மருந்தையும் நிறுத்தவோ தொடங்கவோ வேண்டாம். அது மருத்துவர் பணி. மலம் கறுத்தாலும், சிறுநீர் குறைந்தாலும், மூச்சு இழுத்தாலும் மறுநாள் வரை காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

அவர்கள் சொல்ல நாணுவார்கள். ஆகவே நீங்கள்தாம் கேட்க வேண்டும். நாற்பத்தொரு வயதில் நான் கற்றதை நீங்கள் இப்போதே கற்றுக்கொள்ளலாம்.